மூன்று மதிப்பெண்

நாளை காலை ஒன்பதுக்குப் புவியியல்.
அம்மா கச்சூபாவை அடுப்பில் வைத்துவிட்டு
மாஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம்
கண்ணாடிக் கோபுரங்களைப் பெருக்கப் போயிருக்கிறாள்.
அட்டைக் கட்டை அடில்சனிடம் நீட்டினேன்:
கேள், சொல்கிறேன்.
குளித்த பிறகும் அவன் நகக்கண்ணில் செங்கல் பொடி.
தொட்ட அட்டையிலெல்லாம் ஒரு சிவந்த கீற்று.

"நகர மீளுருவாக்கம். வரையறு."
சொன்னேன்.
"கலப்புக் குடியிருப்பு."
சொன்னேன்.
"இது என்ன, வாயில் நுழையவில்லையே?"
ஜென்ட்ரிஃபிகேஷன்.
வசதி உள்ளவர்கள் வர வர, இல்லாதவர்கள்...
"சரி சரி, தெரியும்."
அட்டையை அடியில் செருகினான்.

மீள் என்று தொடங்குவதையெல்லாம்
ஒரே அட்டையில் எழுதிவைத்திருந்தேன்.
மீளுருவாக்கம், மீள்குடியமர்த்தல், மீள்பயன்பாடு,
மீண்டு வரும் உரிமை.
கடைசியாக உள்ளது பாடநூலில் கிடையாது.
வீட்டுவசதிக் கழகம் மார்ச்சில் போட்ட கடிதத்தில்,
ஆறாம் பத்தி.
ஏழாம் பத்தியில் புதிய வாடகை.

"பயனடைவோர் இருவரைக் குறிப்பிடுக."
வாசித்துவிட்டுத் தானே சிரித்தான்.
"ஒன்று, நான். மணிக்குப் பதினாறு யூரோ,
சனிக்கிழமை என்றால் ஒன்றரை மடங்கு."
இரண்டு?
கரண்டியைக் கச்சூபாவுக்குள் நிறுத்தி யோசித்தான்.
"இயந்திரத்தை வாடகைக்கு விடுகிறவன்."
புத்தகத்தில் அப்படி இல்லை.
"புத்தகம் எழுதியவர் என்னைக் கேட்கவில்லை."

இன்றைக்கு எதுவரை போனது என்று கேட்டேன்.
பாடத்தில் இல்லாத கேள்வி.
பதினேழாம் எண் வரை, என்றான்.
குல்தென் வீட்டுக் குளியலறை மட்டும்
மூன்றாம் மாடியில்
மஞ்சள் ஓடுகளோடு நின்றதாம், சுவரில்லாமல்,
சோப்புக் கிண்ணத்தில் மழை நிறைந்திருந்ததாம்.
"முதலில் அதைத்தான் தட்டினேன்.
ஊரே பார்க்கிற மாதிரி விடக் கூடாது, இல்லையா."

குல்தெனின் மகள் நெஸ்ரின் என் வகுப்பு.
முன்பு மாடியிலிருந்து கத்தினால் போதும், பள்ளிக்கு ஒன்றாக இறங்குவோம்.
இப்போது அவள் மெட்ரோவில் நாற்பது நிமிடம்
நின்றுகொண்டே படிக்கிறாள்.
அதனால்தானோ என்னவோ
எல்லாவற்றையும் என்னைவிட நன்றாகக் கரைத்துக் குடித்திருக்கிறாள்.

உடற்பயிற்சிக் கூடம். தண்ணீர்ப் புட்டியில் முகப்புத் தாளைக் கிழித்தாகிவிட்டது.
கூடைப்பந்துக் கோடுகளின் மேல் மேசைகள்.
நெஸ்ரின் எனக்கு இரண்டு வரிசை முன்னால்.
பதினான்காம் கேள்வி, படம் நான்கு.
ஊரின் பெயரை எடுத்துவிட்டு
'அ பகுதி' என்று போட்டிருந்தார்கள்.
பெயரை எடுக்கலாம்.
ஆற்றின் வளைவை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?
ஆரஞ்சு: அகற்றப்படும் கட்டடங்கள்.
பச்சை: திட்டமிடப்பட்ட பூங்கா.
நான் தூங்குகிற அறை பச்சை.

ஒரு சென்டிமீட்டருக்கு ஐம்பது மீட்டர்.
கேட்கவில்லை, ஆனாலும் அளந்தேன்.
எங்கள் வாசலிலிருந்து ஜக்ரூப் ரொட்டிக்கடைக்கு எட்டு மில்லிமீட்டர்.
சில்லறை மறந்து திரும்பி ஓடிய நாளில்
அது இன்னும் நீளமாக இருந்தது.
தலை நிமிர்ந்தால்
நெஸ்ரினும் அளவுகோலை எடுத்திருக்கிறாள்.
வைத்துவிட்டாள்.
மறுபடி எடுத்தாள்.

அ பகுதியில் வாழ்ந்தோர்க்கு ஏற்படும் விளைவைப்
படம் நான்கின் துணையோடு விளக்குக.
அதிகபட்சம் இரண்டு வாக்கியம். மூன்று மதிப்பெண்.
வாழ்ந்தோர் என்ற சொல்லின் கீழ்
பென்சிலால் ஒரு கோடு போட்டேன், மெல்ல அழித்தேன்.
குறைந்த வருவாய்க் குடும்பங்கள் இடம்பெயர்கின்றன.
அண்டை வீட்டாரிடையே உள்ள பிணைப்பு தளர்கிறது.
முற்றுப்புள்ளி.
இன்னும் நான்கு வரி காலியாகக் கிடந்தது.

இரவு அடில்சன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டான்,
"என் கேள்வி வந்ததா?"
வந்தது.
"என்னை எழுதினாயா?"
இல்லை.
"அப்படியென்றால் ஒரு மதிப்பெண் போச்சு" என்று சொல்லி
சாக்ஸை உதறினான்,
படிக்கட்டில், எப்போதும் போல,
நானே பெருக்கட்டும் என்று.