பெயர் நீளம்

அரசாணை வந்த அன்று
ஸ்டோர் ரூமில் எண்ணிக்கொண்டிருந்தேன்:
பழைய பெயரில் உறைகள் பதினோராயிரம்,
ரப்பர் முத்திரை நாற்பத்திரண்டு,
அதில் ஒன்றுக்குக் கைப்பிடி இல்லை.

இனி நாங்கள்
பெத்த திம்மப்ப நாயனி பல்கலைக்கழகம்.
நகரி மலையின் மூக்கு தெரியும் ஜன்னலோரம் நின்று
துணைவேந்தர் பால்கோவா கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.
நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலத்துக்குள் வாசலில் இரண்டு பந்தல்.
ஒன்றில்
ஏரி வெட்டினவர், ஏழு ஊருக்குத் தண்ணீர் விட்டவர்,
செப்பேடு இருக்கிறது என்றார்கள்.
எதிர்ப் பந்தலில்
எட்டாவது ஊர் எங்கே என்றார்கள்.
வரி கட்டாத ஊர்.
ஒரு ஐப்பசி ராத்திரி
கலங்கலை அடைக்கச் சொன்னானாம் நாயனி.
பின்வாங்கிய தண்ணீர் ஊருக்குள் நடந்து போனது.
அதற்குச் செப்பேடு இல்லை.
கோடை முற்றினால்
ஏரிக்குள் உரல்கள் தெரியும்.

இன்ஸ்பெக்டர் தெலுங்கில் ஒருமுறை
தமிழில் ஒருமுறை கலையச் சொன்னார்.
கெட்ட வார்த்தை மட்டும்
இரண்டிலும் ஒன்றே.

என் பங்குக்கு வந்தது சின்னத் தகராறு.
பட்டச் சான்றிதழில் பெயர் ஒரு வரியில் அடங்கவில்லை.
"எழுத்தைக் குறைக்கலாமா?" என்றேன்.
"பதினெட்டுப் பாயிண்ட், ஆணையிலேயே இருக்கு"
என்றார் கம்ப்யூட்டர் செக்‌ஷன் முனிரத்தினம்.
ஆகவே படித்தவர்களின் பெயரைக் குறைத்தோம்.

தேசம்மா வந்தாள், வேதியியல், தங்கப் பதக்கம்.
கையில் மனு.
"சொந்த ஊர்னு இருக்கற எடத்துல தப்பா இருக்கு சார்."
"என்ன இருக்கு?"
"இதர."

கரைமேட்டில் குடியிருக்கிறவர்கள்.
ஊர் பேர் என்ன என்றேன்.
நொச்சிப்பேடு என்றாள்,
பக்கத்துத் தெருவைச் சொல்வதுபோல.
பட்டியலில் மேலும் கீழும் தேடினேன்.

"இந்தப் பேர் போட்ட பட்டம் உனக்கு வேணுமாம்மா?"
கேட்டிருக்கக் கூடாது.
"மூணு வருஷம் பஸ்ல நின்னுக்கினே வந்தேன் சார்.
வேணாம்னு சொல்ல நான் யாரு, மந்திரியா?
அவன் பேரு இருந்துட்டுப் போவட்டும்.
அதே தாள்ல எங்க ஊரும் இருக்கணும்."

தட்டினேன். செல்லாத உள்ளீடு என்றது சிவப்பில்.
இன்னொரு முறை. சிவப்பு.
முனிரத்தினம் டீக்கு எழுந்தார்.
எப்போதும் திரையைப் பூட்டிவிட்டுப் போகிறவர்
அன்று பூட்டவில்லை.
மறந்தாரா என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.

மேலே நாயனி, பதினெட்டில், இரண்டு வரி.
கீழே நொச்சிப்பேடு, எட்டில்.
மை காயுமுன் மடிக்காதே என்றேன்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்
கண்டக்டர் எங்கள் நிறுத்தத்தை இன்னும்
மாங்கூழ் ஃபேக்டரி என்றுதான் கூவுகிறான்.
கரைமேல் பஸ் திரும்பியபோது பார்த்தேன்.
இந்த வருஷம் நல்ல மழை, ஏரி தளும்பியிருந்தது,
ஒரு உரலும் தெரியவில்லை.
நட்டநடுத் தண்ணீரில் ஒரு கொக்கு
முழங்கால் நனைய நின்றிருந்தது,
எதன் மேலோ.