வரிசை எண் நான்கு: வலியும் வேதனையும்

காசிமேட்டிலிருந்து ஐஸ் பெட்டியோடு
ஷேர் ஆட்டோவில் வந்தேன். மணி ஐந்துகூட ஆகவில்லை.
மூலக்கொத்தளம் திருப்பத்தில் தண்ணீர் லாரி.
இதற்கு மேல் நான் சொன்னதாக இருப்பதெல்லாம்
வக்கீல் எழுதியது:
அதிவேகம், அஜாக்கிரதை, எதிர்மனுதாரர்.
நான் பார்த்தது
தாரில் சிதறிய சங்கரா மீன்கள்.
சிவப்பில் எது அவை, எது என் கை என்று
கொஞ்ச நேரம் தெரியவில்லை.

பெரியாஸ்பத்திரியில் எலும்பு டாக்டர்
பேனாவைப் பிடி என்றார். பிடித்தேன்.
சாவியைத் திருப்பு. பாதிவரை திருப்பினேன்.
மேசை மேலிருந்த ஒரு ரூபாயை எடு.
எடுக்க வரவில்லை. விளிம்புவரை நகர்த்தி
இடது உள்ளங்கையில் தள்ளிக்கொண்டேன்.
"கெட்டிக்காரிம்மா நீ" என்று சிரித்து
இருபத்தெட்டு சதவீதம் எழுதினார்.
அந்தக் கெட்டித்தனத்துக்கு எத்தனை கழித்தாரோ.
யாரும் ஒரு வஞ்சிரத்தைக் கொடுத்து
துண்டு போடச் சொல்லவில்லை.

சிறு வழக்குகள் நீதிமன்றம் என்று போர்டு.
"நம்ம கேஸு சின்னதா மோசஸ்?"
"பேருதான்க்கா அப்படி" என்றான் குமாஸ்தா.
நாலரை வருஷம், முப்பத்தொரு வாய்தா.

இன்சூரன்ஸ் வக்கீல் கேட்டார்:
மாதம் பதினெட்டாயிரம் வந்ததற்கு ரசீது உண்டா?
கிலோவுக்கு முப்பது ரூபாய், வெட்டிக் கழுவித் தர.
யார் ரசீது கேட்டார்கள்,
நீங்களே வந்திருந்தால் கேட்டிருப்பீர்களா
என்று வாய் வரை வந்தது.
எங்கள் வக்கீல் கண்ணாலேயே அடக்கினார்.
"இல்லீங்க" என்றேன்.
தட்டச்சுப் பெண் அடித்தாள்:
'வருமானத்திற்கு ஆவணம் ஏதும் தாக்கல் செய்யவில்லை
என்றால் சரிதான்.'
நான் பேசாத தமிழ்.
அதற்குக் கீழே என் பெயர்.
பூங்காவனம், ஆறெழுத்து,
கோணாமல் போடுவேன் முன்பு.
இடது பெருவிரலை மையில் ஒற்றினேன்.

என் பிறந்த தேதி எனக்கே தெரியாது.
ஆதாருக்குப் படம் பிடித்த பையன்
ஜனவரி ஒன்று என்று போட்டு
ஒரு வருஷத்தையும் அவனே தேர்ந்தெடுத்தான்.
அதன்படி விபத்தன்று எனக்கு நாற்பத்தாறு.
தங்கையின் பள்ளிச் சான்றிதழை வைத்து எண்ணினால்
நாற்பத்துநாலு.
நாற்பத்தைந்துவரை பதினாலால் பெருக்குவார்களாம்,
தாண்டினால் பதிமூன்று.
மோசஸ் செல்போனில் தட்டிப் பார்த்தான்:
அந்தப் பையனின் ஜனவரி ஒன்றுக்கு விலை
முப்பதாயிரத்து இருநூற்று நாற்பது.

தீர்ப்பில் மாத வருமானம் ஒன்பதாயிரம் ஆகியிருந்தது.
உதவியாளர் செலவு எட்டாயிரம்.
என்னைக் குளிப்பாட்டி, சோறூட்டி,
ஜாக்கெட் கொக்கி மாட்டிவிட்ட நாத்தனார் செல்லக்கிளி
இதைக் கேட்டு
"யாருடி அந்த உதவியாளர்?" என்றாள்.

அதற்கும் கீழே,
வலியும் வேதனையும்: நாற்பதாயிரம்.
வலிக்கு எவ்வளவு, வேதனைக்கு எவ்வளவு
என்று பிரிக்கவில்லை.
வலிக்கு மாத்திரை வாங்கிய பில் இருக்கிறது,
கோர்ட்டே அதில் நம்பர் போட்டு முத்திரை குத்தியது.
மற்றது,
புரசைவாக்கத்திலிருந்து வருகிற அந்தக் கண்ணாடிக்கார ஐயா,
பதினோரு வருஷ வாடிக்கை,
என்னைப் பார்த்ததும் மீன் பையை
மறுகைக்கு மாற்றிக்கொண்டு
அடுத்த வரிசையில் நுழைந்தார் பாருங்கள்,
அது.
அவர் மேல் கோபமில்லை. கிலோ எழுநூறு மீனைக்
கோணல் துண்டாக யார்தான் வாங்குவார்கள்.

கம்பெனி மேல்முறையீடு போட்டிருக்கிறது.
"ஐகோர்ட்டு எங்கப்பா?"
மோசஸ் ஜன்னலுக்கு வெளியே
சிவப்புக் கட்டிடத்தைக் காட்டினான்.
"தோ. நடந்தே போயிடலாம்க்கா."

நல்லவேளை, வாய்தா எதுவும் ஞாயிற்றுக்கிழமை விழாது.
ஞாயிறு சிந்தாதிரிப்பேட்டையில் கூட்டம் தாங்காது,
அன்றைக்கு மட்டும் என்னையும் கூப்பிடுகிறார்கள்
நெத்திலி ஆய.
அதற்குக் கத்தி வேண்டாம்,
இடது கை போதும்.