பதினொன்று புள்ளி எட்டு

துளைபோடும் மெஷினை நாலு துண்டாகக் கழற்றி
தேயிலைக்குள்ளால் தூக்கிவந்தார்கள்,
மூன்றாம் லயத்துக்குப் பின்னால்
நிலம் வாய் பிளந்திருந்த இடத்துக்கு.
என் வேலை டேப் பிடிப்பது,
ஹன்சமாலி சிங்களத்தில் சொல்வதைத்
தமிழில் சொல்வது.
நாட்சம்பளம். மழை வந்தால் பாதி.

முதல் இரண்டு மீற்றர் கறுத்த மண்.
பிறகு சிவப்பு. பிறகு
கடலைமாவு போல உதிர்கிற மஞ்சள்.
இதுவும் கல்தான், அழுகிய கல், என்றாள்.
சொன்னேன்.
"அழுகுறதுக்குக் கல்லு என்ன பலாப்பழமா?"
லயமே சிரித்தது.
மஞ்சளை விரலால் நசுக்கிப் பார்த்த
மருதவீரன் மட்டும் சிரிக்கவில்லை.
அவன் குசினிச் சுவர் அதில்தான் நின்றது.

பதினொன்று புள்ளி எட்டில் சத்தம் மாறியது.
பல் கூசும் சத்தம். தண்ணீர் வெள்ளையாக வந்தது.
குழாயிலிருந்து வழுக்கி விழுந்தது
ஒன்றரைச் சாண் நீள உருளை,
ஈரச் சாம்பல் நிறம்; அதில்
அட்டை கடித்த காலில் காய்ந்த ரத்தம்போலப்
பொட்டுப் பொட்டாய்ச் சிவப்பு.
கார்னட், என்றாள். யாரும் கேட்குமுன்னே
"விற்க முடியாது" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஒருகாலம் இது கடலடிச் சேறாம்.
மீன் என்று ஒன்று உண்டாகுமுன்
ஏதோ ஒரு கரைக்கு அப்பால் படிந்ததாம்.
பிறகு நிலங்கள் மோதிக்கொண்டன.
இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா
எல்லாம் ஒரே நெரிசல், திருவிழா பஸ் மாதிரி.
நடுவில் அகப்பட்ட சேறு
இருபத்தைந்து கிலோமீற்றர் கீழே போனது.

"உருகிருச்சா?"
இல்லை. உருகாமல் வெந்தது.
பிட்டு ஆவியில் வேகிற மாதிரி, என்று
நானாகச் சேர்த்தேன்.
வெந்து வேற ஆளாச்சு.
உருமாறிய பாறை என்று பாடப்புத்தகத்தில் இருக்கும்,
நான் அதை எழுதிச் சோதனையும் பாஸ் பண்ணியவள்,
விளங்கியது அன்றைக்குத்தான்.

மேலே கிடந்த இருபத்தைந்து கிலோமீற்றரையும்
மழை கொஞ்சம் கொஞ்சமாய்க் கழுவிக்கொண்டு போனதாம்.
அப்புத்தளையில் வானம் வெளித்த நாளில்
தெற்கே கடல்வரை தெரியும்;
உச்சியில் இருக்கிறோம் என்று நினைத்திருந்தேன்.
இல்லாமல்போன ஒரு மலையின்
அடிவயிற்றில் அல்லவா
கொழுந்து பறிக்கிறோம்.

"எத்தனை வருசம் இருக்கும்?"
பூங்காவனம் அக்கா, கூடையை இறக்காமலே.
இருநூறு கோடி, என்றேன்.
"இருநூறா? நாங்க வந்தும் அம்புட்டுத்தானே."
கோடி அவள் காதில் விழவில்லை.
திருத்தப் போன வாய்
ஏனோ மூடிக்கொண்டது.

மருதவீரன் கேட்டான்: "கல்லு உறுதியா?"
உறுதி. பதினொன்று புள்ளி எட்டுக்குக் கீழே
நல்ல உறுதி. மேலே இருப்பதுதான் நகரும்.
"அப்ப கல்லுக்காவது உறுதி இருக்கு"
என்றது கூட்டத்தில் ஒரு குரல்.
என்ன சொல்கிறார்கள், என்றாள் ஹன்சமாலி.
அந்தச் சொல்லின் இரண்டு பக்கத்தையும்
ஒன்றாகத் தூக்க எனக்குச் சிங்களம் போதவில்லை.
"ஒப்பு" என்று மட்டும் சொன்னேன். காணி ஒப்பு.
அவள் பேனை கொஞ்சநேரம் எழுதவில்லை.

மறுநாள் மரப்பெட்டியைத் திறந்தால்
பதினொன்று எண்பதிலிருந்து பன்னிரண்டு பத்துவரை
காலி.
லொறிக்காரனைக் கேட்டோம். பிள்ளைகளைக் கேட்டோம்.
பதிவேட்டில் அவள் எழுதினாள்:
மாதிரி கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது.
எல்லோரும் பாடசாலை மண்டபத்துக்கு.
இரவு, மூட்டைகளுக்கு நடுவே,
பூங்காவனம் அக்கா பூண்டு தட்டிக்கொண்டிருந்தாள்.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
கிட்டப் போனேன். ஈரச் சாம்பல் நிறம்,
சிவப்புப் பொட்டுகளில் மிளகாய்த் தோல்.

"என்ன பாக்குற? குழவியை அங்கயே மறந்துட்டு வந்துட்டேன்.
இது கைக்கு நல்லா அடங்குது."

கழுவி வையுங்க அக்கா, என்றேன்.