எழுநூற்று இருபதாவது அடி

அறுநூறு அடிவரை வெறும் புகை.
வெள்ளைக்கல் மாவு கொடித்துணியெல்லாம் படிந்து
சூரமங்கலமே பவுடர் பூசிக்கொண்டது.
போர் வண்டிக்காரர் காதில் சுற்றிய துண்டை அவிழ்த்து
"நிறுத்திரலாமா, இன்னும் நூறு போடலாமா?" என்றார்.
அடிக்கு நூற்றிப்பத்து.
எப்சிபா உள்ளே போய் முழங்காலில் நின்றாள்.
நான் சொசைட்டிக் கடனுக்கு
யாரிடம் கையெழுத்துக் கேட்பது என்று யோசித்தேன்.

எழுநூற்று இருபதில் வந்தது.
முதலில் சேறு, அப்புறம் நீர்மோர்,
அப்புறம் தண்ணீர்
தெருமுனை வரை ஓடி
பஞ்சர் கடைக்காரர் செருப்பை இழுத்துப் போயிற்று.

ஞாயிறு சாட்சி சொன்னேன்.
கர்த்தர் என் எல்லையை ஆசீர்வதித்தார் என்றேன்.
ஆமென் என்றது சபை.
மூன்றாவது பெஞ்சில் கிருபாவதி
பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தை
நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.
எங்கள் பின்சுவர்தான் அவள் முன்சுவர்.
போன வருஷம் அவள் போட்டது தொள்ளாயிரம்.
புழுதி.
அவளும் முழங்காலில்தான் நின்றிருப்பாள்.

சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை டேங்கர் லாரி ஆள் வந்தான்.
லோடுக்கு எண்ணூறு, தினம் நாலு லோடு,
ராத்திரியில் எடுத்துக்கொள்கிறோம், சத்தமே இருக்காது.
ஐம்பது நாளில் கடன் தீரும் என்று
டிக்கெட் கவுண்டரில் இருபது வருஷம் சில்லறை எண்ணிய மூளை
அவன் வாய் மூடுமுன் சொல்லிவிட்டது.
எப்சிபா ஒன்றும் பேசவில்லை.
அரிசி களைந்த தண்ணீரை
கறிவேப்பிலைக்கு ஊற்றப் போனாள்.

தாலந்தை மண்ணில் புதைத்தவன் கதை தெரியும்.
இங்கே புதைத்தவரே அவர்.
தோண்டினவன் நான், அவ்வளவுதான்.
தோண்டின கூலிக்குத்
தண்ணீரையே எழுதி வாங்கிக்கொள்ள முடியுமா?

வெளிச்சுவரில் குழாய் வைத்தேன்.
நாள் முழுக்கத் திறந்தே விட்டேன்.
"நல்லா இருப்பீங்க சார்" என்று
முகம் தெரியாதவர்கள் சொன்னார்கள்;
எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
ஒருவன் மினிபஸ் கழுவினான்.
இரண்டு பெண்கள் குடத்தால் அடித்துக்கொண்டார்கள்.
பதினோராம் நாள் இரவு
மோட்டார் காற்றைக் குடித்தது.
ஆஸ்துமாக்காரர் இருமுவதுபோல் ஒரு சத்தம்.
ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்து
இருட்டில் அங்கேயே உட்கார்ந்தேன்.
கொடுக்கிற கையிலும் ஊதாரித்தனம் உண்டு.
யாரும் எனக்குப் பிரசங்கித்ததில்லை அதை.

மறுநாள் டைமர் வாங்கினேன்.
காலை நாற்பது நிமிஷம், மாலை நாற்பது.
வீட்டுக்கு எட்டுக் குடம்.
எங்களுக்கும் எட்டுதான்,
எப்சிபாவும் வரிசையில்தான்.
"உங்க தண்ணிக்கு நீங்களே நிக்கிறீங்களே" என்று சிரித்தவர்கள்
ரெண்டு வாரத்தில் சிரிப்பை விட்டார்கள்.
"நல்லா இருப்பீங்க" என்பதும் குறைந்தது.
கரண்ட் பில் மட்டும் தவறாமல் வந்தது.

ஒரு சாயங்காலம் குடத்தை இறக்கிவைத்துக்
கிருபாவதிதான் கேட்டாள்:
"அண்ணே, மழைத்தண்ணி உங்க மொட்டைமாடியில இருந்து
எங்க போகுது?"
சாக்கடைக்கு.
"எங்கிட்ட தொள்ளாயிரம் அடி காலியா இருக்கு.
கொடுக்கத்தான் துப்பில்ல, வாங்கிக்கவாவது செய்யுமில்ல?"

ஜல்லி, மணல், கரி, ஒரு சிமென்ட் தொட்டி.
இரண்டு மாடியின் குழாயும்
பின்சுவரில் துளை போட்டு
அவள் வறண்ட போருக்கு இறங்கின.
கொத்தனார் கூலியில் பாதியை
வேண்டாம் என்றாலும் கேட்காமல் அவள் கொடுத்தாள்.
வாங்கக் கூச்சமாக இருந்தது.
அந்தக் கூச்சம்
என் குழாயடியில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்!

ஐப்பசியில் சேர்வராயன் மலை காணாமல் போயிற்று.
ஏற்காடு விளக்குகள் ஒவ்வொன்றாய் மேகத்துக்குள் போக,
நள்ளிரவில் இறங்கியது.
பின்சுவர் அருகே குடையோடு நின்றேன்.
அந்தப் பக்கம் அவள் குடை.
நடுவே பூமி
மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிறு ஆயர் சாட்சிக்கு அழைத்தபோது
நான் எழவில்லை. அவள் எழுந்தாள்.
"ராத்திரி மழை கேட்டுச்சா எல்லாருக்கும்?"
என்று மட்டும் கேட்டு உட்கார்ந்தாள்.

மதியம், வடிகட்டியில் அடைத்திருந்த வேப்பிலைகளை
ஆளுக்கு ஒரு முறம் அள்ளினோம்.
டைமர் ஐந்து நிமிஷம் பிந்தி ஓடுகிறது.
சரிசெய்ய வேண்டும்.