கெட்டி

பெர்கனில் பதினோரு வாரமாக மழை.
பூனைக்கும் அப்படியே.

ஃப்ரிட்ஜில் பழுப்புச் சீஸுக்குப் பக்கத்தில்
மூன்று நாள் சாம்பிள், மூடி இறுக்கி.
கேம்பிலோபாக்டர் என்றது ஆய்வகம்.
பெயர் தெரிந்தபின் அதுவும்
வாடகை தராத ஒரு குடித்தனக்காரன்.

தூர்பியோர்க் கையுறையைக் கழற்ற மறந்து தூங்குகிறாள்.
மாத்திரையை மீனுக்குள் பொதிந்து வைத்தால்
மீனைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும்
துப்புகிறது, குறி தவறாமல்,
அவள் செருப்புக்குள்.

இன்று விடியுமுன்
மணல்தட்டில் ஒரு விரல் நீளம்,
உடையாமல், கெட்டியாக.
மண்டியிட்டுப் படமெடுத்தாள்.
கை நடுங்கியது.
டாக்டருக்கென்று நினைத்து
ஐவின்டுக்கு அனுப்பிவிட்டாள்,
நான்கு வருடமாகப் பேசாத ஐவின்டுக்கு.

இரண்டு நீல டிக்.
கெட்டில் கொதித்து அடங்கியது.
பிறகு பதில்:

"பூனையுடையதுதானே?"