நாற்பது கிராம்

களியக்காவிளைச் சந்தையில்
கிழக்கு வரிசை, ஐஸ் பெட்டிக்குப் பக்கம் என் இடம்.
அங்கேதான் வந்து இறங்கியது
ஆயிரத்து நானூற்று நாற்பத்தொன்பது ரூபாய்க்கு
எலக்ட்ரானிக் தராசு.
பச்சை எண்கள். ஒருமுறை சார்ஜ் போட்டால்
மூன்று நாள் நிற்குமென்றது அட்டை.

அன்று மத்தியானம் கணக்குப் பார்க்கையில்
இருபது கிலோ இறக்கியிருக்கிறேன்,
இருபது கிலோ எண்ணூறு விற்றிருக்கிறேன்.
மீன் கூடைக்குள் கிடந்து குட்டி போடாது.

முத்திரை குத்திய பழைய இரும்புக்கல்லை வைத்தேன்.
ஒரு கிலோ நாற்பது.
எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன்.
நாற்பது.
வெறுந்தட்டில் மட்டும் உண்மை பேசியது:
பூஜ்யம்.

பக்கத்துக் கடை ஞானசிகாமணி எட்டிப் பார்த்தான்.
"சத்தம் போடாம வச்சுக்க, செலினே.
இதுக்குன்னே ஆளு வச்சு, துட்டு குடுத்து
ரிப்பேர் பண்ணுகான் ஊருல.
உனக்கு ரிப்பேராவே வந்திருக்கு."

பணம் திரும்ப வேண்டும் என்ற இடத்தைத் தொட்டேன்.
காரணம் கேட்டது.
உடைந்து வந்ததா, நிறம் வேறா,
அளவு பொருந்தவில்லையா, மனம் மாறிவிட்டதா.
பொய் சொல்கிறது என்றொரு கட்டம் இல்லை.
அளவு என்பதைத் தொட்டேன்.
அடுத்த பெரிய அளவு அனுப்பட்டுமா என்றது.

கல்லோடு போட்டோ எடுத்துப் போட்டேன்.
கல்லில் பிழை இருக்கலாம் என்று பதில்.
சீனி பாக்கெட்டை வைத்தேன்.
பாக்கெட்டின் எடையையும் கணக்கில் கொள்ளவும்.
தமிழில் ஒருத்தி கூப்பிட்டாள், மலையாளத்தில் ஒருத்தன்.
இரண்டிலும் சண்டை போட எனக்குத் தெரியும்,
இந்த ரோட்டில் மீன் விற்கிறவளுக்கு அதுகூடத் தெரியாமலா.
அவர்கள் கேட்ட மன்னிப்பு மட்டும்
இரண்டிலும் ஒரே நீளம்.

ஒன்பதாம் நாள் ஒத்துக்கொண்டார்கள்.
ஆனால் உங்கள் பகுதிக்குத் திரும்ப எடுக்க ஆள் வராதாம்.
கொண்டுவந்து தர மட்டும் வந்த பகுதி.
சாவடி தாண்டி இஞ்சிவிளைக்கு வருவானாம்.
லாட்டரிக் கடை பிஜுவின் விலாசத்தைப் போட்டுவிட்டு
பெட்டியை இடுப்பில் வைத்து நடந்தேன்.
என்ன அதில் என்றார் போலீஸ்காரர்.
கெட்டுப்போனது என்றேன்.
மூக்கைப் பொத்திக்கொண்டு கையைக் காட்டினார், போ போ.

வந்தவன் சின்னப் பையன்.
ஆறு பக்கமும் போட்டோ எடுத்தான், முகர்ந்தான்.
"சேச்சி, மீன் மணம் உண்டல்லோ."
மீன் நிறுத்த வாங்கினது மோனே,
பிச்சிப்பூவா மணக்கும்?
சிரித்துக்கொண்டே கட்டத்தில் கோடு போட்டான்.

பணம் வந்தது,
கூலியென்று நாற்பத்தொன்பதைப் பிடித்துக்கொண்டு.
அவர்கள் தராசும் அப்படித்தான்.

சரி, அந்த முதல் நாள்.
பதினேழு பேர் வாங்கினார்கள்.
டீக்கடை லாலிக்கு இரண்டு சாளை கூடப் போட்டேன்,
என்ன, கிறிஸ்துமஸ் முன்னாடியே வந்துட்டா என்றாள்.
பள்ளிக்கூட வாட்ச்மேனுக்கு ஒரு அயிலை.
காரணம் கேட்டார். சொன்னேன்.
அதற்குப் பிறகு என்னிடம் வாங்குவதில்லை.
ஞானசிகாமணியிடம் வாங்குகிறார்.

பதினான்கு பேரைத் தேடிப் பிடித்துவிட்டேன்.
இரண்டு பேர் வேண்டாமென்று விட்டார்கள்.
மிச்சம் ஒருத்தி,
நீலச்சேலை, கையில் எக்ஸ்ரே கவர்,
முக்கால் கிலோ நெத்தோலி.
பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு
பாறசாலை பஸ்ஸில் ஏறினாள்.
முப்பது கிராம் அவளுக்கு நான் தர வேண்டும்.
நெத்தோலியில் அது பத்து இருக்கும்.
எண்ணிப் பார்த்தேன் ஒருநாள்,
பதினொன்று இருந்தது.