கட்டைவிரல் பக்கம்

பொகவந்தலாவைக் கூட்டுறவுக் கடை மேல்மாடியில்
சனிக்கிழமை மூன்று மணிக்கு
மாவு மூட்டைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப்
படங்கு விரிப்போம்.
நனைந்த படங்கு வழுக்கும்.
வழுக்கட்டும், உங்கள் மலையும் அப்படித்தானே என்பேன்.
சிரிக்க மாட்டார்கள்.
உண்மைக்கு யார் சிரிப்பார்கள்.

நான் மண்ணிறப் பட்டி.
கறுப்புக்காகக் கண்டிக்கு இரண்டு முறை போய்
இரண்டு முறையும் அதே பட்டியோடு பஸ் ஏறியவள்.
மற்ற நாளில் கொமினிகேஷனில்
அடையாள அட்டைக்குப் போட்டோகொப்பி அடிப்பவள்.
சென்செய் என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தேன்.
இரண்டே வாரத்தில் அது சென்சி அக்கா ஆகி
அப்படியே நின்றுவிட்டது.

பதினொரு பேர். அடியைவிடக் கேள்வி அதிகம்.
இடுப்பில் படங்கு கட்டியிருந்தால்
கால் எவ்வளவு உயரும்?
குடையால் குத்தலாமா,
கம்பி வளைந்தால் யார் வாங்கித் தருவது?
பின்னாலிருந்து கூடையைப் பிடித்து இழுத்தால்
கூடையை விடுவதா, கூடையோடு விழுவதா?
பஸ்ஸில் உரசுகிறவனுக்கு எது?
முழங்கை என்றேன்.
நெரிசலில் பக்கத்துக் கிழவருக்குப் படும் என்றாள் ஒருத்தி.
குதிகால் என்று மாற்றினேன்.
ஓடினால் தோல்வியா?
இல்லை, ஓட்டம்தான் முதல் அடி.
எங்கே ஓட? ஒரு பக்கம் கான், ஒரு பக்கம் பள்ளம்.

யோகமலர் கேட்டாள்:
"நிறுக்கிறப்ப ரெண்டு கிலோ வெட்டுறாங்களே,
அதுக்கு எந்தத் தடுப்பு, சென்சி அக்கா?"
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் மேல்தடுப்பு, கீழ்த்தடுப்பு, நடுத்தடுப்பு என்று
உள்ளுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டு
இன்னொரு தரம் இச், நி போடுவோம் என்றேன்.

அன்று மணிக்கட்டுப் பிடி.
எந்தப் பிடிக்கும் ஒரு வாசல் உண்டு.
நான்கு விரல் ஒரு கட்சி, கட்டைவிரல் தனியாள்.
தனியாள் பக்கம் திருகி இழு.
கண்டியில் ஆறடி ஆளிடமே கழன்றிருக்கிறேன்
என்று சொல்லிக்கொண்டே
சந்தனமேரியிடம் கையை நீட்டினேன்.

திருகினேன். இழுத்தேன்.
இடுப்பைத் திருப்பி, மூச்சை இறக்கி,
சொல்லிக் கொடுத்தவர் சொன்னபடியே இழுத்தேன்.
கை அங்கேயே இருந்தது.
ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ,
பதினாறு வருசம்
கொழுந்து கிள்ளிய கட்டைவிரல்.
"வலிக்குதா அக்கா?" என்று வேறு கேட்டாள்.

ஒவ்வொருத்தியாக வந்து மாட்டிப் பார்த்தார்கள்.
ஒருத்திக்கு வளையல் உடைந்தது.
யோகமலர் இழுக்கவேயில்லை.
கூரையைப் பார்த்தாள்.
"குளவி!"

சந்தனமேரி கையை உதறி
சட்டைக் கொலரைத் தலைக்குமேல் இழுத்துக்
குப்புற விழுந்தாள்.
ஒன்பது பேரும் விழுந்தார்கள்.
மாவு மூட்டைக்குப் பின்னால் நானும்.
கீழே சீனி நிறுத்துக்கொண்டிருந்த மெனேஜர்
கடைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

மூன்று மாதமாகக் கத்துங்கள் கத்துங்கள் என்று
நான்தான் கத்தினேன்.
கியாய் என்றால் வாயைப் பொத்திக்கொண்டவர்கள்
இப்போது குத்துக்குக் குத்து குளவி.
கண்டியிலிருந்து பரிசோதகர் வந்தால்
என்ன சொல்வேன், தெரியாது.

அடுத்த சனிக்கிழமை சந்தனமேரி வரவில்லை.
திங்கட்கிழமை நிறுவையில்
தராசுக் கொக்கியைப் பிடித்தாளாம்.
முழுசா எழுதுங்க என்று மட்டும் சொன்னாளாம்.
விடச் சொன்னார்களாம்.
இரண்டு பேர் வந்து இழுத்தார்களாம்,
யோகமலர் என் கையைப் பிடித்துச் செய்தே காட்டினாள்,
கட்டைவிரல் பக்கமாக.

ரெண்டு கிலோ கிடைத்ததா என்றேன்.
"அது தெரியல. இருட்டுற வரைக்கும்
கொழுந்து லொறி போகல."

படங்கை விரித்தோம்.
பத்துப் பேர் வரிசையில், நடுவில் ஓர் இடம் விட்டு.
அன்றைக்கு அடி எதுவும் எடுக்கவில்லை.
நிற்பது எப்படி என்று
எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.
அதிகமில்லை.